வானொலிப் பெட்டியும் உத்தரவாதப் புத்தகமும்

புதிதாக மோட்டார் வண்டி வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதற் கடமை ஒன்று உண்டு. காட்சியறையிலிருந்து வண்டியை நேரே கோயில் வாசலுக்கு ஓட்டிச் சென்று, மாலை சூட்டி, சந்தனமும் குங்குமமும் சாத்தி, நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஐயருக்குத் தட்சணை கொடுத்து வீடு திரும்புதலே அக்கடமை. வெள்ளவத்தையார் மயூரபதி அம்மனிடம் போவர். இரத்மலானையிலுள்ள நாங்கள் நந்தீசுவரரிடம் போவோம். இதிற் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறையெல்லாம் அதற்கடுத்த வாரம் புறப்படும் இரண்டாவது யாத்திரையிலேதான் இருக்கின்றது. அந்த யாத்திரை பஞ்சிகாவத்தைக்கு.

கொழும்பில் வண்டி வைத்திருப்போருக்குப் பஞ்சிகாவத்தையை அறிமுகஞ் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆணி முதல் எஞ்சின் வரை அங்கே கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை. உதிரிப்பாகம் தேவைப்படாதவனும் ஒருமுறை அங்கே போய்வந்தால், தன் வண்டிக்கு ஏதோ ஒன்று குறைவதாக உணர்ந்தே திரும்புவான்.

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஒழுங்கையிற் குடியிருப்பவரும் கொட்டாஞ்சேனையிற் கடை வைத்திருப்பவருமான அயலவர் ஒருவர், புத்தம் புதிய வண்டியொன்றைக் கொணர்ந்து எங்கள் படலையடியில் நிறுத்தினார். ஆசனங்களின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, இத்தகைய பொலித்தீன் உறைகள் ஆங்காங்கே கண்ணிற் படத் தொடங்கியிருக்கின்றன. அவர் இறங்கி வந்து, "மாஸ்ரர், உங்கட காருக்கு முந்திப் பாட்டுப் பெட்டி போட்ட பாஸ் ஆர்? பஞ்சிகாவத்தையில எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"முதலாளி, முதல்ல உள்ளுக்கு வாருங்கோ. தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கதைப்பம்" என்றேன்.

அன்று அவருக்குச் சொன்ன கதையையே இங்கு எழுதுகின்றேன். அவரிடம் சொல்லக் கூசி விட்டுவிட்ட பகுதியொன்றும் உண்டு. அதனையும் சேர்த்து எழுதுகின்றேன்.

2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லீசிங் கம்பனியொன்றின் தயவால், இந்தியாவிற் செய்யப்பட்ட சிறிய கார் ஒன்றுக்கு நான் உரிமையாளனானேன். எங்கள் குடும்பத்தில் எவரும் அதற்கு முன் புது வண்டி வாங்கியதில்லை. திறப்பைத் தந்த விற்பனையாளர், அத்துடன் தடித்த புத்தகம் ஒன்றையும் சிறிய புத்தகம் ஒன்றையும் தந்தார். தடித்தது வண்டியை ஓட்டும் முறையைச் சொல்வது, சிறியது உத்தரவாதம். மூன்று ஆண்டு, அல்லது குறித்த கிலோமீற்றர் தூரம், இரண்டில் எது முந்துகின்றதோ அதுவரை, தயாரிப்பிற் குறை காணப்பட்டால் கம்பனி இலவசமாகத் திருத்தித் தரும் என்று விற்பனையாளர் வாயாற் சொன்னார். நான் தலையாட்டினேன். சின்னப் புத்தகம் முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள சிறு பெட்டிக்குட் போயிற்று. வினாவை முழுவதும் வாசித்தபின் விடை எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் மாணவருக்கு உபதேசிப்பவன் நான் என்பதை இவ்விடத்திற் சொல்லிவைப்பது நலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து என் தமக்கையாரின் மகன் வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "மாமா, இது என்ன ரேடியோ? படம் தெரியிற திரை இல்லை, பின்னுக்குப் பார்க்கக் கமராவும் இல்லை. இந்தக் காலத்தில ஆர் இப்பிடி ஓடுறது?" என்றான். நான் பதில் சொல்லுமுன் என் மகள் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இல்லாள் மட்டும், "இருக்கிறது காணாதே?" என்றாள். அந்த ஒரு வாக்குக்கு எதிராக இரண்டு வாக்குகள் விழுந்தன. நான் நடுநிலை வகித்தேன்.

பஞ்சிகாவத்தையில் எங்கள் வண்டியை ஏற்ற பாஸ், கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இரண்டே மணி நேரத்தில், தொழிற்சாலையில் எத்தனையோ பேர் கூடிப் பூட்டிய முகப்புப் பலகையைக் கழற்றி, வானொலியை எடுத்துவிட்டு அகன்ற திரையுள்ள பெட்டியை வைத்து, ஆசனத்தின் கீழே ஒலிபெருக்கியையும் பின்புறத்திற் கமராவையும் பொருத்திவிட்டார். புதிய பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற, வண்டியோடு வந்த வயரின் மேலுறையைக் கத்தியாற் சீவி, அதிலே வேறொரு வயரை முறுக்கி, கறுப்பு நாடா சுற்றினார். எல்லாம் முடிந்து பாட்டுப் போட்டதும் பியூஸ் எரிந்தது. அவர் கலங்கவில்லை. பத்து அம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் இருபது அம்பியர் பியூஸைச் சொருகினார். "இனி எரியாது சேர்" என்றார்.

எரியாது என்று அவர் சொன்னது பியூஸை. எரிய வேண்டியது எரியாவிட்டால், எரியக் கூடாதது எரியும் என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

எட்டு மாதங்கள் இனிதே கழிந்தன. 2019 ஆகஸ்டில், உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை, ஒரு திங்கட்கிழமை காலை பரீட்சை மண்டப மேற்பார்வைக்குப் புறப்பட்டேன். வண்டி அசையவில்லை. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மாத்திரமே எழுந்தது. பரீட்சை மண்டபத்துக்குப் பிந்திச் செல்லும் மேற்பார்வையாளனின் நிலைமை, பிந்திச் செல்லும் மாணவனின் நிலைமையிலும் பரிதாபமானது. காலி வீதிவரை ஓடி, ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து உரிய நேரத்துக்கு ஐந்து நிமிடத்தின் முன் போய்ச் சேர்ந்தேன்.

அயலவரின் உதவியால் வண்டி அன்று மாலை உயிர் பெற்றது. ஆயினும் அந்த வாரத்திலேயே முகப்புப் பலகையிலிருந்து பிளாஸ்ரிக் கருகும் மணம் வரத் தொடங்கியது. உள்விளக்கு எரிய மறுத்தது. இது போதாதென்று முன்புற இடது சில்லின் பக்கம் 'டொக், டொக்' என்று வேறொரு சத்தம். குனிந்து பார்த்தபோது ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. அப்பொழுதுதான் சின்னப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. மூன்று ஆண்டில் ஓராண்டுகூட முடியவில்லையே!

முதலில் பாஸிடம் தொலைபேசியிற் கேட்டேன். அவர் அனுபவசாலி. "சேர், வாரன்டிக்கு விடுறதெண்டால் பெட்டியோட கொண்டு போகாதேங்கோ. இஞ்ச வாங்கோ, நான் கழற்றிப் பழைய ரேடியோவைப் பூட்டித் தாறன். அவங்கள் செய்து தந்த பிறகு திரும்பப் போட்டுத் தாறன். எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். எல்லாரும் அப்படித்தான் என்பதிலுள்ள ஆறுதல் சொல்லுந்தரமன்று. அப்படியே செய்தேன். வண்டி பழைய கோலத்துக்கு வந்தது. வெட்டிய வயர்களின் முனைகளை மடித்து, நாடா சுற்றி, பலகையின் பின்னாற் செருகிவிட்டார்.

அயலவரிடம் நான் சொல்லாமல் விட்ட பகுதி இதுவே.

சேவை நிலையத்துக்குப் போகும்போது மகளும் முன்னாசனத்தில் இருந்தாள். அவளைப் பின்னேர வகுப்பில் விடவேண்டியிருந்தது. "அப்பா, அவையள் கேட்டால் என்ன சொல்லப்போறியள்?" என்று கேட்டாள். "கேட்கமாட்டினம்" என்றேன்.

கேட்டார்கள். கேட்டவர் ஒரு சிங்கள இளைஞர். மிகுந்த மரியாதை உடையவர். முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, முகப்புப் பலகையின் ஓரத்தை மெல்ல நெம்பி, கைவிளக்கைப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். பின்பு இருபது அம்பியர் பியூஸைப் பிடுங்கித் தம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சேர், இதில் இருந்த பெட்டி இப்போது எங்கே?" என்றார். என் வீட்டு அலுமாரியில் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "எனக்குத் தெரியாது, வாங்கும்போதே இப்படி இருந்திருக்கலாம்" என்றேன். சொன்ன மறுகணமே, என் பக்கத்தில் நின்ற மகள் தன் செருப்பின் நுனியைப் பார்க்கத் தொடங்கியதைக் கண்டேன்.

இளைஞர் வாதாடவில்லை. வேலை அட்டையிலே, வெளியார் மின்னிணைப்புச் செய்யப்பட்டிருப்பதால் உத்தரவாதம் இல்லை என்று எழுதினார். நான் ஷொக் அப்சோபரைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் அதே பதில். வானொலிப் பெட்டிக்கும் ஷொக் அப்சோபருக்கும் என்ன உறவு என்று கேட்டேன். ஆயின் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வண்டியில் இன்னும் எதை எதைத் தொட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் சேர்?" என்றார் அவர்.

கல்கிசை வரும்வரை மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஷொக் அப்சோபரைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதானே அப்பா? பிறகேன் அவ்வளவு மெல்லமாச் சொன்னீங்கள்?"

நிற்க. மறுநாள் ஆசிரியர் அறையில் இந்தக் கதையை வேறு விதமாக, அஃதாவது கம்பனியின் அநியாயமாக, எடுத்துச் சொன்னேன். எங்கள் பௌதிக ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாலையில் ஒரு மானியுடன் வீட்டுக்கு வந்தார். பெட்டி அலுமாரியிலிருந்து இறக்கப்பட்டது. பழைய இணைப்புகளிலே அதைப் பொருத்தி, வண்டியின் திறப்பை எடுத்துவிட்டு, ஓடும் மின்னை அளந்தார். 0.6 அம்பியர் காட்டியது. உறங்க வேண்டிய பெட்டி உறங்காமல் இருந்திருக்கின்றது. பின்பு அவர் என் மகளின் கொப்பியை வாங்கிக் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிறுத்திய வண்டி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எடுக்கப்படுகின்றது. இடைப்பட்டது 62 மணி நேரம். 0.6 ஐ 62 ஆற் பெருக்கினால் 37.2 அம்பியர் மணி. பற்றரியின் கொள்ளளவோ 35. "பற்றரி சாகவில்லை, நீங்கள்தான் அதன் இரத்தத்தை உறிஞ்சிவிட்டீர்கள்" என்றார்.

அடுத்தது பியூஸ். ஒரு வயரிற் பிறக்கும் வெப்பம் அதில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். பத்து அம்பியருக்கென இடப்பட்ட வயரில் இருபது அம்பியர் ஓடுமானால், வெப்பம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. வயர் அந்த வெப்பத்திற்கு உருகுமுன் தான் உருகிச் சுற்றை அறுத்துவிடுவதே பியூஸின் பிறவிக்கடன். காவற்காரனை மாற்றிக் கள்வனின் நண்பனை வாசலில் வைத்தால் வீட்டுக்கு என்ன நேரும்? முகப்பு விளக்குக்கும் இதே கதைதான். 55 வாற்று குமிழைக் கழற்றிவிட்டு 100 வாற்று குமிழை மாட்டுகின்றவர், 12 வோற்றில் ஏறக்குறைய 4.6 அம்பியர் ஓடிய வயரில் 8.3 அம்பியரை ஓட விடுகின்றார். வெப்பமோ மூன்று மடங்குக்கு மேல். வீதி வெளிச்சமாகத்தான் தெரியும். குமிழின் பின்னாலுள்ள பிளாஸ்ரிக் இளகுவது எவருக்கும் தெரியாது.

"ஆகவே கம்பனி சொன்னது சரி என்கிறீரா?" என்றேன். "மின்னிணைப்பில் சரி. ஷொக் அப்சோபரிற் பிழை" என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியமே இவ்விடயத்தின் முழு நியாயமும் என்று பின்னர் நான் தேடிப் படித்தவை எனக்குக் காட்டின. வெளியிலே வாங்கிய ஒரு பொருளைப் பொருத்திய காரணத்தால் மட்டும் வண்டியின் உத்தரவாதம் முழுவதும் செத்துப்போகுமா, அல்லது அப்பொருளால் எது பழுதாயிற்றோ அதற்கு மட்டும் உத்தரவாதம் நீங்குமா என்பதே வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1975 இல் இயற்றிய மக்னூசன்–மொஸ் சட்டம், உத்தரவாதம் வேண்டுமாயின் எங்கள் பெயர் பொறித்த உதிரிப்பாகத்தையே வாங்கு என்று உற்பத்தியாளர் நிபந்தனை விதிப்பதைத் தடை செய்தது. அதை இலவசமாகக் கொடுத்தாலன்றி, அல்லது விசேட அனுமதி பெற்றாலன்றி. வெளியார் பொருள்தான் பழுதை உண்டாக்கிற்று என்றால், அதைக் காட்டவேண்டிய பொறுப்பு கம்பனியின் தலையில். அங்கேயும் சட்டம் ஏட்டில் இருக்க, கம்பனிகள் வேறு பாட்டுப் பாடியதுண்டு. புகழ்பெற்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பனியின் உத்தரவாத வாசகங்கள் தொடர்பாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2022 இல் நடவடிக்கை எடுத்தது.

அமெரிக்கா தூரம், எங்கள் சிறிய கார்கள் வருகின்ற நாட்டைப் பார்ப்போம். இந்தியப் போட்டி ஆணைக்குழு 2014 ஆகஸ்ட் 25 அன்று, உதிரிப்பாகச் சந்தையைத் தம் கைக்குள் வைத்திருந்தமைக்காகப் பதினான்கு கார்க் கம்பனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் மேன்முறையீடுகள் எழுந்தன. அபராதத் தொகையைவிட அந்தக் கட்டளையின் ஒரு பகுதியே என்னைக் கவர்ந்தது. வெளியார் பழுதுபார்த்தல் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை முற்றாக நீக்கும் பொது நிபந்தனையை இனி விதித்தலாகாது. வெளியார் செய்த பிழையான வேலையால் எவ்வளவு சேதம் விளைந்ததோ அவ்வளவுக்கு மட்டுமே நீக்கலாம் என்பது அதன் சாரம். எங்கள் பௌதிக ஆசிரியர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதும் இதுவே.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கின்றது. கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கவும், நட்டஈடு கொடுக்குமாறோ பொருளை மாற்றித் தருமாறோ பணத்தைத் திருப்புமாறோ கட்டளையிடவும் அதன் 13 ஆம் பிரிவு அதிகாரசபைக்கு இடமளிக்கின்றது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்தோ சேவை வழங்கப்பட்டோ மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். மூன்று மாதம் என்பதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக் கொள்க. ஆறுதலாக எழுதலாம் என்று இருப்பவர்களுக்காக அச்சட்டம் காத்திருப்பதில்லை.

கம்பனியின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. விற்பனை முகவர் இலவசமாகச் செய்யும் திருத்தத்தின் செலவைத் தயாரிப்பாளரிடமே திரும்பப் பெறுகின்றார். அதற்குப் பழுதான பாகத்தையும் அறிக்கையையும் படங்களையும் சமர்ப்பிக்க வேண்டும். தயாரிப்பாளரின் பரிசோதகர் அந்நிய வயர் ஒன்றைக் கண்டால், முகவரின் கோரிக்கையைத் தள்ளிவிடுவார். செலவு முகவரின் தலையில் விழும். ஆகவேதான் அந்த இளைஞர் முதலிற் கைவிளக்கை எடுத்தார். அத்துடன் எல்லா மாற்றங்களும் என் பெட்டியைப் போல ஒரு மூலையில் ஒதுங்கி இருப்பனவுமல்ல. அளவு மீறிய ரயரும் சில்லும் போட்டால் சில்லின் பெயரிங்கும் சுக்கானின் மூட்டுகளும் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. வேகமானியும் பொய் சொல்லத் தொடங்குகின்றது. எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகளைத் திருத்தி வேகம் கூட்டுபவர், எஞ்சினிலும் கியரிலும் வரும் எந்தப் பழுதையும் தம்முடையதன்று என்று சொல்வது கடினம். இவற்றிலே காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையில் ஒரு நேர்கோடு உண்டு. இருக்கையுறைக்கும் எஞ்சினுக்கும் இடையில் அந்தக் கோடு இல்லை. கோடு இருக்கின்றதா இல்லையா என்று பார்ப்பதே சேவை நிலையத்தின் வேலை. பார்க்காமலே எல்லாவற்றிலும் ஒரு முத்திரையைக் குத்துவது சோம்பல்.

எங்கள் ஒழுங்கையின் கோடியில், இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருக்கின்றார். என் துயரத்தை அவரிடமும் சொல்லியிருந்தேன். அவர் சிரித்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 இற் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய டீசல் எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கியவை, அவருடைய கையால் எத்தனையோ முறை பிரித்துப் பூட்டப்பட்டவை. "எங்களுக்கு ஆர் தம்பி வாரன்டி தந்தது? நாங்கள் எதை மாத்தினாலும் புத்தகத்தில எழுதி வைப்பம். அடுத்த முறை பிரிக்கிறவன் பார்த்துத் தெரிஞ்சுகொள்ளவேணும்" என்றார். அவர் இதைப் பெரிய உபதேசமாகச் சொல்லவில்லை. நான்தான் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாட் காலை ஒரு கடிதம் எழுதினேன். எழுதத் தொடங்கியபோது அது அதிகாரசபைக்கான முறைப்பாடாகவே இருந்தது. இரண்டாம் பந்தியில் நின்றுவிட்டேன். என்ன நடந்ததென்று எழுதவேண்டிய இடம் அது. தாளைக் கிழித்துவிட்டு, சேவை நிலையத்தின் முகாமையாளருக்கே எழுதினேன். இன்ன திகதியில் இன்ன பெட்டியை வெளியாரைக் கொண்டு பொருத்தினேன், பியூஸ் மாற்றப்பட்டது, கொண்டுவருமுன் அதைக் கழற்றி மறைத்தேன், உங்கள் உத்தியோகத்தரிடம் உண்மை சொல்லவில்லை, மின்னிணைப்பின் பழுதுக்கு நானே பொறுப்பு, அதன் செலவைத் தருகின்றேன், ஷொக் அப்சோபரை எவரும் தொட்டதில்லை, அதன் கசிவுக்கும் என் பெட்டிக்கும் தொடர்பு உண்டென்று உங்கள் பொறியியலாளர் கருதினால் அதை எழுத்திற் தருக. இவ்வளவே கடிதம். மகளைக் கொண்டு ஆங்கிலத்திற் தட்டச்சுச் செய்வித்தேன். 'மறைத்தேன்' என்ற இடத்தில் அவள் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள், பிறகு தட்டினாள்.

பத்து நாளில் அழைப்பு வந்தது. முகாமையாளர் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தார். 'எழுத்திற் தருக' என்ற வரியின் கீழே யாரோ பென்சிலாற் கோடிட்டிருந்தார்கள். வண்டியை உயர்த்தி, அந்த இளைஞரே வந்து ஷொக் அப்சோபரைக் கழற்றிப் பார்த்தார். அடிபட்ட தடமோ வளைவோ இல்லை, முத்திரையிடப்பட்ட விளிம்பு வழியே கசிந்திருக்கின்றது என்றார். அதைக் கம்பனி மாற்றித் தந்தது. உருகிய வயர்த் தொகுதிக்கு நான் கட்டிய பணம் என் ஒரு மாதச் சம்பளத்திற் பாதிக்குச் சற்றே குறைவு. மேலும், முகப்புப் பலகையின் மின்னிணைப்புக்கு இனி உத்தரவாதமில்லை என்று சின்னப் புத்தகத்தில் எழுதி முத்திரையிட்டார்கள். அதிலே எனக்கு வழக்கில்லை. புறப்படும்போது இளைஞர் வண்டிக் கதவைத் திறந்து பிடித்து, "அந்தப் பெட்டியை விரும்பினால் எங்களிடமே கொண்டு வாருங்கள் சேர். தனிச் சுற்றும் தனிப் பியூஸும் வைத்துப் பூட்டலாம்" என்றார். நான் கொண்டுபோகவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளை வாசகர்கள் அறிவர். வண்டிகளின் வரவு நின்றது. 2022 இல் எரிபொருள் வரிசையிற் படுத்துறங்கினோம். பின்பு கியூஆர் அட்டையுடன் நின்றோம். என் வண்டியின் உத்தரவாதம், ஓடிய தூரத்தாலன்றி ஓடாமல் நின்ற காலத்தால் முடிந்துபோயிற்று. புது வண்டி கிடைக்காத நாட்டில் பழைய வண்டிகள்மேல் ஆசை கூடியது; பலரும் அவற்றுக்கே புதுப்புது அணிகலன்களைப் பூட்டி அழகு பார்த்தனர். 2025 சனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் கழற்றும் நடவடிக்கையிற் பொலிசார் இறங்கியபோது, சங்கங்கள் எதிர்ப்புக் காட்டின. என் மகளை முன்னர் பாடசாலைக்கு ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிக்காரரும் தம் வண்டியின் நீல விளக்குகளைக் கழற்றினார். அவருக்கு இழப்புத்தான். எனினும் விளக்குக்காக எட்டு இடங்களில் வயர் சீவப்பட்டிருந்ததைக் கழற்றும்போதே கண்டதாகச் சொன்னார்.

இத்தனையையும் கேட்டபின் கொட்டாஞ்சேனை முதலாளி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "அப்ப பாட்டுப் பெட்டி போடவே கூடாதெண்டுறியளோ மாஸ்ரர்?" என்றார். அப்படி நான் சொல்லவில்லை. பாட்டில்லாமற் காலி வீதியின் நெரிசலைக் கடப்பது எளிதன்று என்பதை நானும் அறிவேன்.

அவ்வேளையிற் கட்டுபெத்தையிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். இப்பொழுது அவள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் படிக்கின்றாள். விடயத்தைக் கேட்டுவிட்டு, "மாமா, உங்கட வாரன்டிப் புத்தகம் எங்க?" என்றாள். அவர் எழுந்து போய், முன்பெட்டியைத் துழாவி எடுத்து வந்தார். பொலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. அவள் நகத்தால் அதைக் கிழித்து, படியிலே இருந்து, முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். முதலாளி தம் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எவை எவை உத்தரவாதத்திற் சேரா என்ற பக்கம் வந்ததும், அவள் தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, ஒரு பென்சில் தாங்கோ" என்றாள்.